தோட்டம் போட வெட்டினோம், குப்பை வந்தது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



“காய்கறித் தோட்டம் போட்ட அனுபவத்தைப் பத்திப் பேசுங்க”ன்னு என்னைக் கூப்பிட்டாங்க. எத்தனை கிலோ கத்தரிக்காய், எவ்வளவு லாபம்னு நான் சொல்லுவேன்னு நினைச்சிருப்பாங்க. அந்தக் கணக்கு குழுவின் பேரேட்டில் இருக்கு, யார் வேணும்னாலும் பார்க்கலாம். நான் சொல்ல வந்தது அந்தக் கத்தரிச்செடிக்குக் கீழே என்ன இருந்ததுங்கிறதை. அதில் நான் பண்ணின ஒரு தப்பும் இருக்கு. அதையும் மறைக்காமல் சொல்லப் போறேன்.

எங்கள் குழுவில் 12 பேர். சித்திரை மாசம் கிராமசபையில் தீர்மானம் போட்டு, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஊராட்சிக்குச் சொந்தமான 18 சென்ட் இடத்தைத் தோட்டம் போட எங்களுக்குக் கொடுத்தாங்க. தொட்டி நிரம்பி வழிகிற தண்ணி வீணாப் போகுது, அதைப் பாய்ச்சிக்கலாம்னு எங்க கணக்கு. ஆளுக்கு 2 ஆயிரம் உள்கடனா எடுத்து, மொத்தம் 24 ஆயிரம் ரூபாய் தோட்டத்துக்குன்னு ஒதுக்கினோம். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்களே, ஆடியில் விதைச்சிடணும்னு அவசரம்.

அந்த இடத்தில் எருக்கஞ்செடியும் சீமைக்கருவேலும் தவிர வேற எதுவும் நல்லா வளர்ந்ததில்லை. மழை பெஞ்சா ஒரு மூலையில் மட்டும் தண்ணி உள்ளே இறங்காமல் ரெண்டு மூணு நாள் நிற்கும். அப்பவே யோசிச்சிருக்கணும். எங்களுக்குத் தோணலை.

ஆனி மாசம் முதல் நாள் மண்வெட்டியைப் போட்டோம். ஒரு பக்கம் நல்லா வெட்டுச்சு. தண்ணி நிற்கிற மூலைக்கு வந்ததும் மண்வெட்டி உள்ளே போகலை. இழுத்தா மண்ணு வரலை, கேரிபேக் வருது. ஒண்ணை இழுத்தா அதோட பத்து வருது. அரை அடிக்குக் கீழே தண்ணி பாக்கெட், ஷாம்பு பாக்கெட், டீ கப்பு, தெர்மாகோல், கிழிஞ்ச ஃபிளெக்ஸ். அதுக்கும் கீழே கண்ணாடி பாட்டில், டார்ச் லைட் கட்டை, பியூஸ் போன டியூப்லைட், வளையல் துண்டு. நூல் சேலை மக்கி மண்ணாப் போயிருந்தது. பாலியஸ்டர் சேலை மட்டும் ஜரிகையோட அப்படியே இருந்தது. மூணு அடிக்குக் கீழே போனா சாம்பல், ஓட்டுத் துண்டு, மாட்டு எலும்பு. அதுக்கும் அடியில் கறுகறுன்னு அருமையான மண்ணு.

எங்கள் குழுவில் மூத்தவங்க ஒரு பெரியம்மா. அந்தக் கறுப்பு மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துட்டு, “இது ஊர் எருக்குழிடி”ன்னாங்க. அவங்க கல்யாணமாகி வந்த காலத்தில் தெருவில் உள்ளவங்க சாணி, சாம்பல், மாடு தின்னது போக மிச்சம் எல்லாத்தையும் அங்கேதான் கொட்டுவாங்களாம். கோடையில் மாட்டுவண்டி கட்டி அள்ளிக்கிட்டுப் போய் வயலில் போடுவாங்களாம். அதுக்குப் பேரே ‘குப்பை அடிக்கிறது’. ஆமாம், நம்ம ஊரில் குப்பைன்னா எரு. குப்பை இருக்கிற வீடுதான் விவசாயம் செழிச்ச வீடு. பிறகு உரமூட்டை வந்தது, மாடு குறைஞ்சது, அந்தக் குழியை அள்ள ஆள் வரலை. கொட்டுறது மட்டும் நிற்கலை. கொட்டின சாமானும் மாறிப்போச்சு. நிறைஞ்ச குழி மேலே யாரோ ஒரு தடவை மண்ணைத் தள்ளி மூடிட்டாங்க. இவ்வளவுதான் கதை.

முதல் நாளே சண்டை வந்துடுச்சு. ஒரு சில்வர் டம்ளர் கிடைச்சது. மண்ணைத் தட்டிப் பார்த்தா பெயர் வெட்டியிருக்கு. அது யார் பெயர்னு நினைக்கிறீங்க? செத்துப்போன என் மாமியார் பெயர், இனிஷியலோட! “பாருங்க, ஊக்குநர் வீட்டுக் குப்பைதான் இவ்வளவும்”னு ஒருத்தி சொல்லிட்டா. எனக்குக் கோவம் வந்துடுச்சு. “உன் வீட்டு மருந்து பாட்டில் இல்லையா, உன் மகன் காதுகுத்து ஃபிளெக்ஸ் இல்லையா”ன்னு நானும் ஆரம்பிச்சேன். பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு பக்கமாப் பிரிஞ்சு வீட்டுக்குப் போயிட்டோம்.

அடுத்த வாரக் கூட்டத்தில் மூணு யோசனை வந்தது. ரெண்டு டிப்பர் செம்மண் அடிச்சு மூடிட்டு மேலே பயிர் பண்ணலாம்னு சிலர். வெளியே எடுத்துப் போட்டுக் கொளுத்திடலாம்னு சிலர். இடமே வேண்டாம், திருப்பிக் கொடுத்துடலாம்னு சிலர். மூடிடலாம்னுதான் எனக்கும் ஆசை. ஆடி நெருங்குதே, கடன் கட்டணுமே.

அப்போ பெரியம்மா சொன்னாங்க: “மூடின குழி மேலதானே இப்ப நிக்கிறோம். இன்னும் ஒரு தடவை மூடினா, நம்ம பேத்தி வந்து வெட்டுவா.”

கொளுத்துற பேச்சை எங்க ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர் நிறுத்தினாங்க. பிளாஸ்டிக்கைக் குவிச்சுக் கொளுத்தினா, அதிலும் பி.வி.சி. பைப்பு, ஒயர் மாதிரி சாமான் சேர்ந்து எரிஞ்சா, டையாக்ஸின்னு ஒரு நஞ்சு வரும். அது புகையோட போயிடாது. சாம்பலில் தங்கும், புல்லில் படியும், மாட்டுப் பால் வழியா நம்மகிட்டேயே திரும்பி வரும். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலும், குப்பையைத் தெருவிலோ பொது இடத்திலோ எறியக்கூடாது, எரிக்கக்கூடாது, புதைக்கக்கூடாதுன்னு மூணையும் சேர்த்தே எழுதியிருந்தது. எரிக்கிறது தப்புன்னு நமக்குத் தெரியும். புதைக்கிறதும் அதே வரியில் இருந்ததுங்கிறது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

கடைசியில் எடுக்கிறதுன்னு முடிவு பண்ணினோம். தீர்மானப் புத்தகத்தில் முதல் தீர்மானமா எழுதினது இது: “யார் போட்ட குப்பை என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் 10 ரூபாய் அபராதம்.” வேலை முடியறதுக்குள்ள 70 ரூபாய் சேர்ந்தது. அதில் 20 ரூபாய் என்னுது.

இப்போ என் தப்புக்கு வர்றேன்.

செவிலியர் அன்னைக்கே “கையுறை, செருப்பு இல்லாமல் இறங்காதீங்க”ன்னு சொல்லியிருந்தாங்க. 12 ஜோடி நல்ல கையுறை, பூட்ஸு எல்லாம் வாங்கணும்னா செலவு. “காலம் பூரா சாணி அள்ளின கை, களை பிடுங்கின கை. நமக்கென்ன கையுறை? வாங்கிக்கலாம், முதல்ல ஆரம்பிங்க”ன்னு நான்தான் சொன்னேன். ரெண்டாவது நாள் காலையில் எங்கள் குழுவிலேயே சின்னவ, கல்யாணமாகி ரெண்டு வருஷமான பொண்ணு, கேரிபேக் கட்டு ஒண்ணை வெறும் கையால் இழுத்தா. ‘ஸ்’ன்னு கையை உதறினா. உள்ளங்கையில் ஒரு சொட்டு ரத்தம். கட்டைப் பிரிச்சுப் பார்த்தா, உள்ளே ஊசி மருந்து போட்ட சிரிஞ்சுகள், ஊசியோட. ஏழெட்டு இருந்தது. யாரோ பையில் கட்டி அந்தக் குழியில் எறிஞ்சிருக்காங்க.

ஒருத்தி சுண்ணாம்பு வைக்கச் சொல்றா, ஒருத்தி ரத்தத்தைப் பிதுக்கச் சொல்றா. இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்யணும்னு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறகு சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்றேன். பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது, சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் அப்பக் கூடாது. ஓடுகிற தண்ணியில் சோப்புப் போட்டு நல்லாக் கழுவணும். உடனே அரசு மருத்துவமனைக்குப் போகணும். நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இருக்கக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைன்னு டாக்டர் நினைச்சா அதை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மண்ணுக்குள்ள பல வருஷம் கிடந்த ஊசியில் அந்தக் கிருமி உயிரோட இருக்காதுன்னு டாக்டர் தைரியம் சொன்னார். மண்ணிலேயே இருக்கிற டெட்டனஸ் கிருமிக்குத்தான் முதலில் பயப்படணும்னு சொல்லித் தடுப்பூசி போட்டார். ரத்தப் பரிசோதனையும் எடுத்தாங்க, மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை வரச் சொன்னாங்க.

அந்த மூணு மாசம் எனக்குத் தூக்கம் இல்லை. அவ மாமியார் என் வீட்டு வாசலில் வந்து நின்னு கேட்டாங்க: “உங்க தோட்டத்துக்கு என் மருமக கை வேணும். அந்தக் கைக்கு ஒரு உறை வாங்கிக் கொடுக்க உங்க குழுவில் காசு இல்லையா?” நான் பதில் சொல்லலை. பதில் இல்லை. கணக்கு நோட்டில் 24 ஆயிரம் இருந்தது. வேலி வாங்கக் காசு இருந்தது, விதை வாங்கக் காசு இருந்தது, கைக்கு மட்டும் இல்லைன்னு சொன்னவ நான்தான்.

மூணு மாசம் கழிச்ச பரிசோதனையும் நல்லபடியா வந்தது. கடவுள் புண்ணியம். அவ இன்னைக்கு இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கா. இதை மேடையில் சொல்லட்டுமான்னு அவகிட்டேயும் அவ மாமியார்கிட்டேயும் கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

ரெண்டு வாரம் வேலையை நிறுத்தினோம். ஊக்குநர் பொறுப்பை விட்டுடறேன்னு சொன்னேன். “ஓடிப் போனா மண்ணுக்குள்ள இருக்கிறது வெளியே வந்துடுமா? இருந்து ஒழுங்காச் செய்”னு பெரியம்மா சத்தம் போட்டாங்க. அதுக்கு அப்புறம் செய்தது எல்லாம் ஒழுங்காச் செய்தோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு இடம் கட்டாயம் இருக்கும். அதனால் வரிசையாச் சொல்றேன்.

முதலாவது, எடுத்த உடனே முழு இடத்தையும் வெட்டாதீங்க. அங்கங்கே ஒரு முழ அகலத்தில் சோதனைக் குழி போட்டுப் பாருங்க. நாங்கள் பிறகுதான் ஆறு குழி போட்டுப் பார்த்தோம். 18 சென்ட்டில் குப்பை இருந்தது 5 சென்ட்டில் மட்டும்தான். இதை முதல் நாளே பார்த்திருந்தா, மிச்சம் 13 சென்ட்டில் ஆடியிலேயே விதைச்சிருக்கலாம். பயத்தில் ஒரு பட்டத்தையே விட்டுட்டோம்.

ரெண்டாவது, உடம்புக்குப் பாதுகாப்பு. கெட்டிக் கையுறை, கால் மூடுற பூட்ஸு, மூக்குக்குத் துணி. சேலை மேலே வீட்டு ஆம்பளைங்க பழைய முழுக்கைச் சட்டை. முந்தின நாள் சாயங்காலம் தண்ணி தெளிச்சு வைத்தோம், அதனால் தூசி பறக்கலை. காலையில் ஆறரைக்கு இறங்கி ஒன்பது மணிக்கு ஏறிடுவோம். கல்லு, ஓடு குவிஞ்ச இடத்தில் கையை விடாமல் முதலில் கம்பால் தட்டுவோம். ஒரு நாள் கட்டுவிரியன் வந்தது. தட்டினதால்தான் தெரிஞ்சது. 108 எண் எல்லார் போனிலும் இருக்கணும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது. வேலை முடிஞ்சதும் கை காலைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் தண்ணி குடிக்கணும், போட்டிருந்த துணியைத் தனியாத் துவைக்கணும்.

மூணாவது, எடுக்கும்போதே பிரிக்கணும். எல்லாத்தையும் வெளியே கொட்டிட்டுப் பிறகு பிரிக்கலாம்னா முடியாது. கயிறு கட்டி இடத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சோம். ஒரு கட்டம் முடிஞ்சாத்தான் அடுத்தது. கொத்தனார்கிட்ட மணல் சலிக்கிற சல்லடை வாடகைக்கு வாங்கி, மண்ணைச் சலிச்சுத் தனியாக் குவிச்சோம். உரச்சாக்குகளை வரிசையா நிறுத்தி ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சாக்கு.

இரும்பு, கெட்டி பிளாஸ்டிக், முழு பாட்டில் இதெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போச்சு. கழுவத் தண்ணியைச் செலவழிக்கலை. வெயிலில் காயவைத்துத் தட்டினோம், மண்ணு உதிர்ந்துடுச்சு. செங்கல், ஓடு, கல்லு எல்லாம் பாத்திக்கு நடுவில் நடைபாதை போட ஆச்சு. கண்ணாடித் துண்டுகளைச் சாக்கில் போடாமல் தகர டப்பாவில் போட்டு மூடினோம்.

கேரிபேக்கையும் பாக்கெட்டையும் எந்தக் கடையிலும் வாங்கலை. அதுதான் பாதிக்கு மேல். உலர்த்திக் கட்டித் தூய்மைக் காவலர்கள் மூலமா ஊராட்சிக்குக் கொடுத்தோம். இந்தப் பிளாஸ்டிக்கை அரைச்சு, சூடான ஜல்லி மேல் உருக்கிப் பூசி, அதோட தாரைக் கலந்து ரோடு போடலாம்னு கண்டுபிடிச்சது நம்ம மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன். 2002-ல் முதலில் அந்தக் கல்லூரி வளாகத்திலேயே போட்டுப் பார்த்தார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைச்சது. தமிழ்நாட்டில் சில வட்டாரங்களில் பிளாஸ்டிக் அரைக்கிற வேலையை நம்ம மாதிரிக் குழுப் பெண்களே செய்றாங்க. ஆனா அதில் பி.வி.சி. சேரக்கூடாது, அதைத் தனியாத்தான் கொடுக்கணும்.

இன்னொண்ணும் சொல்லணும். பெண்கள் கூட்டம், வெட்கப்பட வேண்டாம். நாப்கின் நிறைய வந்தது. கண்ணில் படக் கூடாதுன்னு நாம இருட்டில் கொண்டுபோய்ப் புதைச்சதுதான். துணி மக்கும், பஞ்சு மக்கும், அதில் இருக்கிற பிளாஸ்டிக் மக்காது. அதை எடுக்கும்போது எங்களில் யாரும் நிமிர்ந்து பார்த்துக்கலை. இப்போ எங்கள் தெருவில் காகிதத்தில் சுற்றி, மேலே சிவப்பு மையால் அடையாளம் போட்டுத் தனியாக் கொடுக்கிறோம். வாங்குகிற தூய்மைக் காவலரும் ஒரு பெண்தானே? அவங்க கையும் நம்ம கை மாதிரிதானே?

நாலாவது, ஆபத்தான சாமான்கள். இதைக் கவனமாக் கேளுங்க.

ஊசி, சிரிஞ்சு எல்லாத்தையும் இடுக்கியால் எடுத்து, மூடி போட்ட கெட்டி பிளாஸ்டிக் கேனில் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படைச்சோம். டார்ச் கட்டை, செல்போன் பேட்டரி, டியூப்லைட் இதெல்லாம் தனித்தனி. டியூப்லைட்டில் கொஞ்சம் பாதரசம் இருக்கு, உடைக்கக் கூடாது.

பூச்சிமருந்து பாட்டில்களில் முக்கோண அடையாளம் இருக்கும். சிவப்புன்னா கடும் விஷம், அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை. எதையும் திறந்து மோந்து பார்க்காதீங்க, கழுவாதீங்க, மண்ணெண்ணெய் வைக்க எடுத்துக்காதீங்க. எண்டோசல்ஃபான் டப்பா ஒண்ணு கிடைச்சது. அதை உச்ச நீதிமன்றம் 2011-லேயே தடை பண்ணியாச்சு. தடை பண்ணினது கடையில் நின்னுபோச்சு, குழியில் அப்படியே கிடந்தது. ஒவ்வொண்ணையும் தனிப் பையில் போட்டு, மணல் நிரப்பின வாளியில் நிறுத்தி மூடி, பூட்டின அறையில் வைத்தோம். வேளாண் உதவி அலுவலருக்கும் ஊராட்சிச் செயலருக்கும் எழுதிக் கொடுத்தோம். எடுத்துக்கிட்டுப் போக ரெண்டு மாசம் ஆச்சு. மூணு தடவை நடந்தோம். சலிச்சுப் போய் நாமளே எங்கேயாவது கொட்டிடலாம்னு தோணும். கொட்டிடாதீங்க.

சிமென்ட் ஷீட் துண்டு கிடைச்சா உடைக்காதீங்க, அறுக்காதீங்க. பழைய ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், தூசி நெஞ்சுக்குள் போனா ஆபத்து. தண்ணி தெளிச்சு, ஈரமா இருக்கும்போதே கெட்டிப் பையில் சுற்றணும்.

இதுக்கு நடுவில், புதையல் கிடைச்சதான்னு ஊரே வந்து எட்டிப் பார்த்தது. கிடைச்சா என்ன செய்யணும்னும் தெரிஞ்சுக்கோங்க. 1878-ஆம் வருஷச் சட்டப்படி, மண்ணுக்குள் மறைஞ்சு கிடந்த சாமான் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதா இருந்தா கலெக்டருக்குத் தகவல் கொடுக்கணும். எங்களுக்குக் கிடைச்சது சில்வர் டம்ளர் ஒண்ணுதான். அதுக்கு யாரும் தகவல் கொடுக்கலை, தேய்ச்சுக் கழுவிக் குழுவின் தண்ணிப் பானை மேலே வைச்சிருக்கோம்.

ஐந்தாவது, மண்ணு. குப்பையை எடுத்துட்டா மண்ணு சுத்தம்னு நினைக்கக் கூடாது. ஒரு மூலையில் பழைய லாரி பேட்டரிப் பெட்டி உடைஞ்சு கிடந்தது, சுத்தி சாம்பல் நிறத் தூள். அது காரீயம். நிறம் தெரியாமல், வாசனை இல்லாமல் மண்ணோட கலந்துடும். மக்கிப் போகாது. சின்னப் பிள்ளைகள் உடம்பில் சேர்ந்தா மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை சேரலாம், பயமில்லைன்னு ஒரு அளவே அதுக்குக் கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கீரையிலும் கிழங்கிலும் அந்த மண்ணு ஒட்டிக்கிட்டு வந்துடும்.

மண் பரிசோதனைக்குக் கொடுத்தோம். ‘வி’ மாதிரி அரை அடிக்குக் குழி வெட்டி, ஓரத்தைச் சுரண்டி, பல இடத்து மண்ணைக் கலந்து அரைக் கிலோ எடுத்துக் கொடுக்கணும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. அங்கே வழக்கமாப் பார்க்கிறது உப்பு, கார அமில நிலை, தழை மணி சாம்பல் சத்து, துத்தநாகம், இரும்பு மாதிரி நுண்சத்து. காரீயம் அந்தப் பட்டியலில் இல்லை. தனியாக் கேட்டு வேளாண் பல்கலைக்கழகம் மாதிரி இடத்துக்குத்தான் அனுப்பணும். அட்டையில் ‘நல்ல மண்’னு வந்துடுச்சேன்னு அந்த மூலையில் கீரை போடலாம்னு எங்களிலும் ஒருத்தர் சொன்னாங்க. நாங்கள் ஒத்துக்கலை. தூள் கிடந்த மண்ணை அள்ளித் தனியாக் கட்டி வைத்து ஊராட்சியில் சொன்னோம். அந்த மூலையில் நல்ல மண்ணு போட்டு மூடி அரளி வைச்சிருக்கோம். மாலைக்குப் போகுது. திங்கிற எதுவும் அங்கே இல்லை.

மிச்ச இடத்தில் புரட்டாசியில் சணப்பு விதைச்சு, பூ எடுக்கிற சமயம் மடக்கி உழுதோம். மூணு டிராக்டர் தொழுவுரம் போட்டோம். தைப்பட்டத்தில்தான் கத்தரி, வெண்டை, தக்காளி, ஓரத்தில் முருங்கை வைத்தோம். கீரையை, குப்பையே இல்லாத 13 சென்ட் பக்கத்தில் மட்டும் போட்டோம்.

கணக்கும் சொல்லிடறேன். கையுறை, மூக்குத்துணி 1,800 ரூபாய். சல்லடை வாடகை 300. டிராக்டர் ரெண்டு நடை 2,400. தொழுவுரம் 4,500. மொத்தச் செலவு 9,000. பழைய இரும்புக் கடையில் வந்தது 1,460. போக 7,540 ரூபாய் எங்கள் கையிலிருந்து போச்சு. பூட்ஸு மட்டும் அவங்கவங்க வாங்கினது. ஒரு மாசம், வாரத்துக்கு மூணு காலை, 12 பேர் வேலைக்குக் கூலி போடலை. கொட்டும்போது யாருக்கும் ஒரு பைசா செலவு இல்லை. எடுக்கும்போதுதான் பில் வருது. அந்தப் பில்லு கொட்டினவங்களுக்கே வராது, பின்னாடி வர்றவங்களுக்கு வரும்.

எல்லா இடத்தையும் தோண்டணும்னு நான் சொல்ல மாட்டேன். ரொம்ப ஆழமாக் குப்பை இருந்தா, மருந்து நெடி அடிச்சா, ஆஸ்பத்திரிக் கழிவோ தொழிற்சாலைக் கழிவோ மூட்டை மூட்டையா வந்தா, அதோட நிறுத்திடுங்க. அது நம்ம கையால் செய்ற வேலை இல்லை. போட்டோ எடுத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்க, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நகல் வையுங்க. தோட்டம் வேணும்னா சாக்கில் மண்ணு நிரப்பி மேலேயே செடி வைக்கலாம்.

கடைசியா ஒண்ணு. நாங்கள் தோண்டின இடத்தில் மேல் அரை அடியில் கிடந்தது பழசு இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறிகிற 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. தடை வந்த பிறகு எறிஞ்சதும் அதில் இருந்தது. குழியைச் சுத்தம் பண்ணின அதே மாசத்தில் ஒரு காலையில் வேலி ஓரத்தில் புதுசா ஒரு மூட்டை கிடந்தது. அப்போதான் புரிஞ்சது, வேலை குழியில் இல்லை, அடுப்படியில்தான் ஆரம்பிக்கணும்னு.

இப்போ எங்கள் குழுவில் 12 வீட்டிலும் ரெண்டு வாளி. மக்குறது தோட்டத்து எருக்குழிக்கு வருது. மக்காதது வாரம் ஒரு நாள் தூய்மைக் காவலர் வண்டிக்குப் போகுது. வெளி ஆட்களில் எட்டு வீடு சேர்ந்திருக்கு, மத்த வீடுகள் இன்னும் சேரலை. பக்கத்துக் கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் ஹரித கர்ம சேனைன்னு சேர்ந்து, வீடு வீடாப் போய் மக்காத குப்பையை வாங்கி, அதுக்குக் கட்டணமும் வாங்கி வருமானம் பார்க்கிறாங்க. நம்ம கூட்டமைப்பும் இதை யோசிக்கணும்னு இந்த மேடையில் கோரிக்கையா வைக்கிறேன்.

இன்னொரு கோரிக்கையும் உண்டு. தோட்டம், மண்புழு உரம், குளம் தூர் வாருறதுன்னு எந்த வேலைக்கு நாம கடன் எழுதினாலும், செலவுப் பட்டியலில் முதல் வரி கையுறையும் செருப்புமா இருக்கட்டும். விதை ரெண்டாவது வரியில் வரட்டும். என்னை மாதிரி இன்னொரு ஊக்குநர் ஒரு மாமியார் முன்னாடி பதில் இல்லாமல் நிற்க வேண்டாம்.

வெளியே எங்கள் தோட்டத்துக் கத்தரிக்காய் கடை போட்டிருக்கோம், போகும்போது வாங்கிட்டுப் போங்க. பை கொண்டு வந்தவங்களுக்கு மட்டும்தான் கொடுப்போம்.